உப்புக் காற்றில் ஒரு ஜீப்: துருத் தடுப்புப் பூச்சுக்கு மேலே பெயின்ட் நிற்க

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் இருக்கிறது. ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் கொஞ்ச தூரம் போனால் உப்பளம். வீட்டில் ஒரு பழைய மஹிந்திரா ஜீப் உண்டு. விதைநெல், உர மூட்டை, ஆஸ்பத்திரி, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அதுதான். வாங்கும்போதே அதன் முன் மட்கார்டில் பச்சைப் பெயின்ட் தகடு தகடாக உரிந்துகொண்டிருந்தது. ஓரத்தில் நகத்தைக் கொடுத்துத் தூக்கினால் உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே வந்தது. உரிந்ததைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் ஒரே வழுவழுப்பு. அதன் கீழே இருந்த கறுப்புத் துருத் தடுப்புப் பூச்சும் அதே வழுவழுப்போடு, ஒரு புள்ளி துரு இல்லாமல் மினுங்கிக்கொண்டிருந்தது.

கீழே இருந்தது நல்ல பூச்சு. மேலே இருந்த பெயின்டும் மட்டமானது இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று பிடிக்கவே இல்லை. அதற்குப் பிறகு எங்கள் டிரெய்லர், பங்காளி வீட்டு அம்பாசடர், தெரிந்தவர்களின் வேன் என்று பல வண்டிகளின் பெயின்ட் வேலையில் கூட நின்றிருக்கிறேன். பெயின்ட் போன இடங்களில் பெரும்பாலும் இதே கதைதான். துருவை எடுப்பதற்கு உயிரைக் கொடுக்கிறார்கள், கலர் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் யோசிக்கிறார்கள். நடுவில் இரண்டு பூச்சும் சேரும் இடத்தை யாரும் கவனிப்பதில்லை. நம் பக்கத்து ஈரத்துக்கும் உப்புக்கும் அந்த இடம்தான் வாசல்.

முதலில், மேல் கோட் எதற்கு என்பதில் தெளிவு வேண்டும். டெல்டாவில் எந்த ஊருக்குப் போனாலும் டிராக்டர் டிரெய்லர், வீட்டு கேட், போர்செட் கொட்டகைக் கதவு எல்லாம் காவி நிறத்தில் வருஷக்கணக்காக நிற்பதைப் பார்க்கலாம். ரெட் ஆக்சைடு அடித்தாயிற்று, இனி துரு வராது என்று விட்டுவிடுகிறார்கள். ரெட் ஆக்சைடில் இருக்கும் சிவப்பு நிறமே இரும்பு ஆக்சைடுதான். அது இரும்பை ஒட்டி நிற்கும், மேலே வரும் பெயின்டுக்குப் பிடி கொடுக்கும். மினுமினுப்பு இல்லாமல் சொரசொரப்பாக இருப்பதால்தான் அந்தப் பிடி கிடைக்கிறது. ஆனால் அப்படி இருக்கும் பூச்சு ஈரத்தையும் உள்ளே விடும். மேலே ஒரு கோட் வராத ரெட் ஆக்சைடு பாதி வேலைதான்.

எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு அதைவிட நன்றாக ஈரத்தைத் தடுக்கும். ஆனால் வெயில் தாங்காது. சில மாதம் வெளியே நின்றால் விரலில் மாவு மாதிரி ஒட்டும். இன்னொரு வகை, காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும் யூரித்தேன் பூச்சு. பிஓஆர்-15 என்று சொன்னால் வண்டி வேலை செய்கிறவர்களுக்குப் புரியும். துரு ஒட்டியிருக்கும் இரும்பில்கூட நன்றாகப் பிடிக்கும், இறுகிவிட்டால் சுத்தியால் தட்டினாலும் சிதறாது. அதற்கும் வெயில்தான் எதிரி. நிறம் மங்கி வெளுத்துப்போகும். அதனால் வெயில் படுகிற மட்கார்டு, பம்பர், பானட், வீல் டிஸ்க் எல்லாவற்றுக்கும் மேலே கலர் கோட் கண்டிப்பாக வேண்டும். சேசிஸின் அடிப்பக்கம், மட்கார்டின் உள்பக்கம் மாதிரி வெயிலே படாத இடத்துக்கு இந்த யூரித்தேன் பூச்சு மட்டும் போதும் என்பது என் அபிப்பிராயம். அங்கே மேல் கோட்டுக்குச் செலவு செய்யும் பணத்தில் கீழே சுத்தம் செய்யும் வேலையை இன்னும் ஒழுங்காகச் செய்யலாம்.

இனி அந்தச் சுத்தம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வெளியூர் பெயின்டர்கள் நம் பக்கத்தில் ஏமாறும் இடம் இதுதான். இங்கே துரு என்றால் வெறும் துரு இல்லை, அதற்குள் உப்பு இருக்கிறது. சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். எங்கள் ஊரில் அநேகமாக எல்லா ராத்திரியும் அந்த அளவைத் தாண்டும். கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம், அது 33 சதவீதத்திலேயே கசியும். அப்படியென்றால் நம் பக்கத்தில் அது காய்வதே இல்லை. இந்த உப்பை உள்ளே வைத்து மூடி மேலே எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும், அது பெயின்ட் வழியாகவே ஈரத்தை உள்ளே இழுத்துக் கொப்புளம் போட வைத்துவிடும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறிய பிறகு எங்கள் பக்கத்தில் நிறைய வண்டிகளுக்கு அவசர அவசரமாகப் பெயின்ட் அடித்தார்கள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் கதவுகளின் அடிப்பகுதியில் வரிசையாகக் கொப்புளம் எழும்பியதை நானே பார்த்தேன்.

கடற்கரைக்காரர்களுக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை என்று உள்ளே மன்னார்குடி, நீடாமங்கலத்துக்காரர்கள் நினைக்க வேண்டாம். நாம் ஏற்றும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. இரும்பைப் பொறுத்தவரை அதுவும் உப்பின் தம்பிதான். மூட்டை கிழிந்து ஒரு பிடி கொட்டினால் ஜீப்பின் பின் தரையில் மடிப்பு மடிப்பாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஜீப்பில் துரு மிக மோசமாக இருந்த இடம் அடிப்பக்கம் இல்லை, மூட்டை வைக்கும் தரையில் பெஞ்சு சீட்டின் கால் போல்ட்டைச் சுற்றித்தான்.

உப்பை எடுக்கத் தண்ணீரைத் தவிர வேறு வழி கிடையாது. உப்புத்தாள் போட்டு முதலில் தேய்த்தால் உப்பை இரும்பின் கீறல்களுக்குள் அழுத்திவிடுகிறோம். அதனால் தேய்ப்பதற்கு முன்னால் ஒரு முறை, தேய்த்த பிறகு ஒரு முறை கழுவ வேண்டும். எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பது முக்கியம். கடற்கரை ஓரத்து போர் தண்ணீரே உப்பாக இருக்கும். அதில் கழுவிக் காயவிட்டால் வெள்ளைப் படலம் தெரியும், அதுதான் நாம் புதிதாகப் பூசிய உப்பு. நான் குடிதண்ணீர்க் குழாயில் வரும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறேன். ஓட்டுத் தாழ்வாரத்தில் பிடித்த மழைத்தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது. கொஞ்சம் சோப்புத் தூள் கலந்து, தேங்காய் நாரோ பிரஷ்ஷோ போட்டுத் தேய்த்து, பிறகு நிறைய தண்ணீர் விட்டு அலச வேண்டும்.

பிறகு கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டு உதிரும் துருவை எடுத்து, 80-ஆம் நம்பர் தாள் போட்டுச் சொரசொரப்பாக்க வேண்டும். கம்பி பிரஷ் இறுக ஒட்டியிருக்கும் துருவை எடுக்காமல் பளபளவென்று மெருகேற்றிவிடும், பார்ப்பதற்கு இரும்பு மாதிரியே இருக்கும். அதனால் பிரஷ்ஷோடு நிறுத்தக் கூடாது. துருவை மாற்றும் பாஸ்பாரிக் அமில திரவம் போடுகிறவர்கள், அதை நன்றாக அலசிக் காயவைக்காமல் அடுத்த கோட் போகக் கூடாது. மிச்சம் இருக்கும் அமிலம் எபாக்சியை இறுகவிடாது.

இப்போது இரண்டு பூச்சும் சேரும் இடத்துக்கு வருவோம். யூரித்தேன் வகையில் இதற்கு ஒரு நேரம் உண்டு. முதல் கோட் காய்ந்தும் காயாமலும் இருக்கும் அந்த நேரத்துக்குள் அடுத்ததை அடித்தால் இரண்டும் ரசாயன முறையிலேயே பிணைந்துகொள்ளும். அதைக் கண்டுபிடிப்பது விரலால்தான். கையுறை போட்ட விரலைப் பூச்சின் மேல் மெதுவாக வைத்து ஓர் அங்குலம் இழுத்துப் பாருங்கள். விரலில் கறுப்பு ஒட்டினால் இன்னும் நேரம் இருக்கிறது. ஒட்டாமல், ஆனால் விரலைப் பிடித்து லேசாக இழுக்கிற மாதிரி இருந்தால் அதுதான் சரியான நேரம். விரல் தங்குதடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் நேரம் கடந்துவிட்டது.

டப்பாவில் இத்தனை மணி நேரம் என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். அந்தப் பூச்சு இறுகுவதே காற்றின் ஈரத்தால். வறண்ட ஊருக்கு எழுதிய கணக்கு ஐப்பசி மாதத்து நாகப்பட்டினத்துக்குப் பொருந்தாது. நம் ஊரில் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டு வந்தால் அந்த நேரம் முடிந்திருக்கும். எங்கள் மட்கார்டில் உரிந்த பச்சைப் பெயின்ட் அப்படித்தான் அடிக்கப்பட்டிருக்க வேண்டும். முழுக்க இறுகி மினுங்கிக்கொண்டிருந்த கறுப்பின் மேல், ஒரு தேய்ப்புகூட இல்லாமல்.

ஈரம் அதிகம் என்பதால் இன்னொன்றும் நடக்கும். இந்தப் பூச்சு இறுகும்போது கரியமில வாயுவை வெளியே விடும். தடிமனாக அடித்தால் மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ள, உள்ளே இருக்கும் வாயு வெளியேற முடியாமல் சின்னச் சின்னக் குமிழாக நிற்கும். அதன் மேல் கலர் கோட் போட்டால் ஒவ்வொரு குமிழும் நாளைக்கு ஒரு துளை. மெல்லிசாக இரண்டு கோட் அடிப்பதுதான் நமக்குச் சரி.

நேரம் தவறிப்போனால் குடி முழுகிவிடாது. முழுக்க இறுக விட்டு, 320-ஆம் நம்பர் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டும். எதுவரைக்கும் என்றால், டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் எங்கேயும் மினுமினுப்பு தெரியக் கூடாது. சமதளத்தில் எல்லாரும் ஒழுங்காகத் தேய்ப்பார்கள். மட்கார்டின் மடிந்த விளிம்பு, போல்ட் தலையைச் சுற்றிய வளையம், வெல்டிங் பக்கத்துப் பள்ளம், இங்கேதான் மினுமினுப்பு தங்கிவிடும். உரிதல் ஆரம்பிப்பதும் அங்கேதான். அந்த இடங்களுக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் அருமையாகப் போகும். தேய்த்த பிறகு கழுவி, காயவைத்து, ஒரு கோட் எபாக்சி பிரைமர் அடித்து, அதற்கு மேலே கலர் போகலாம். நேராகக் கலர் அடிப்பதைவிட இந்த நடுக் கோட் இருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன்.

எபாக்சிக்கும் ஓர் எச்சரிக்கை. ஈரமான ராத்திரியில் இறுகும் எபாக்சியின் மேல் சில சமயம் மெழுகு தடவியது மாதிரி ஒரு பிசுபிசுப்பு வரும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அதைத் தாள் போட்டுத் தேய்த்தால் பரவத்தான் செய்யும். முதலில் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவிவிட்டு, அப்புறம் தேய்க்க வேண்டும்.

அடுத்தது, எதற்கு மேல் எது. மன்னார்குடியில் எனக்குப் பழக்கமான வயசான பெயின்டர் ஒருவர் இருக்கிறார். ரெட் ஆக்சைடுக்கு மேலே எப்போது அடிக்கலாம் என்று கேட்டேன். "தம்பி, கையால தொட்டுப் பாக்காதீங்க, மோந்து பாருங்க. வாசனை வந்தா உள்ள இன்னும் தின்னர் இருக்கு" என்றார். "அப்படின்னா எத்தன நாளண்ணே?" என்றால், "அது வெயிலைக் கேளுங்க" என்பார். அவர் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. ரெட் ஆக்சைடும் சாதாரண எனாமலும் எண்ணெய் சேர்ந்த பிசின் வகை, முழுக்க இறுக நாளாகும். அதற்குள் மேலே தின்னர் ஆவியானதும் சட்டென்று காயும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டோ, ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவம் கலக்கும் டூகே பெயின்டோ அடித்தால் அதன் வீரியமான தின்னர் கீழ்க் கோட்டுக்குள் இறங்கி ஊற வைத்துவிடும். ஐந்து நிமிஷத்தில் மேல்பரப்பு சுருங்கிச் சுருங்கி மடிப்பு விழும். பெயின்டர்கள் இதை பெயின்ட் தூக்கிடுச்சு என்பார்கள். அதைச் சரிசெய்ய வழியில்லை, இரும்பு வரை சுரண்டியே ஆக வேண்டும். பங்காளி வீட்டு அம்பாசடரின் டிக்கி கதவு எங்கள் கண் முன்னாலேயே அப்படிச் சுருங்கியது.

எனவே கணக்கு இதுதான்: கீழே ரெட் ஆக்சைடு என்றால் மேலே எனாமல், டர்பன்டைன் கலந்து. டூகே அடிக்க ஆசை என்றால் கீழே எபாக்சி. கீழே இருப்பது என்னவென்றே தெரியாத பழைய வண்டியா, தின்னரில் நனைத்த துணியை மறைவான ஓரத்தில் வைத்து ஒரு நிமிஷம் பொறுத்துத் துடையுங்கள். நிறம் கரைந்து துணியில் வந்தால் என்.சி. வகை. பொங்கிச் சுருங்கினால் எனாமல் வகை. ஒன்றும் ஆகாவிட்டால் டூகே, அதைத் தேய்த்துவிட்டு எதையும் அடிக்கலாம்.

தார் கலந்த அண்டர்கோட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது அடிப்பக்கத்துக்கு நல்ல பொருள்தான். ஆனால் அதன் மேல் எந்தக் கலரும் அடிக்கக் கூடாது. தார் தின்னரில் கரைந்து மேலே ஊறி வரும், வெள்ளைப் பெயின்டில் தேநீர்க் கறை மாதிரி தெரியும். மட்கார்டு ஓரத்தில் பிசிறியிருந்தால் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, அந்த எண்ணெய்ப் பசையும் போகக் கழுவிவிட்டுத்தான் மற்ற வேலை.

எந்த மாதம் செய்வது? ஐப்பசி, கார்த்திகையில் மழை என்று எல்லாருக்கும் தெரியும். மார்கழி, தையில் வானம் தெளிவாக இருக்கும், வேலை தொடங்கலாம் என்று தோன்றும். அந்த மாதங்களில்தான் கவனம் வேண்டும். ராத்திரி பனியில் இரும்பு குளிர்ந்துபோகிறது. காலை எட்டு, ஒன்பது மணிக்கு மட்கார்டின் மெல்லிய தகடு வெயிலில் சூடாகிவிடும். ஆனால் சேசிஸின் தடித்த இரும்பு வெகுநேரம் குளிர்ச்சியாகவே இருக்கும். காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். பெயின்ட் அடிக்கும் தொழிலில் பொதுவான விதி, பனி படியும் வெப்பநிலையைவிட இரும்பு குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கருவி இல்லாதவர்களுக்கு ஒரு வழி: இரும்பில் உள்ளங்கை அளவு இடத்தை ஈரத்துணியால் ஒற்றுங்கள். கால் மணி நேரத்துக்குள் தானாகக் காய்ந்தால் அடிக்கலாம். காயாவிட்டால் அன்றைக்கு வேறு வேலை பாருங்கள்.

என் அனுபவத்தில் மாசி, பங்குனிதான் உத்தமம். காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியம் இரண்டுக்குள் கடைசிக் கோட்டை முடித்துவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கம் அதன்பின் கடல்காற்று எழும்பிவிடும். ஈரக்காற்றில் அடித்த என்.சி. பெயின்ட் பால் ஊற்றியது மாதிரி வெளுத்துப்போகும். ஒரே சங்கடம், அதே சமயத்தில்தான் சம்பா அறுவடையும் முடிந்தும் முடியாமலும் இருக்கும். பக்கத்து வயலில் அறுவடை மெஷின் ஓடும் நாளில் ஸ்பிரே கன்னைக் கையில் எடுக்காதீர்கள். நெல் சுணை காற்றில் எவ்வளவு தூரம் வரும் என்பது ஈரப் பெயின்டைப் பார்த்தால்தான் தெரியும். சித்திரை வெயிலில் செய்தால் தகடு கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். பெயின்ட் போய்ச் சேருவதற்குள்ளேயே பாதி காய்ந்து மணல் மாதிரி உட்காரும். கொட்டகை நிழலில், மெதுவாக உலரும் தின்னர் கேட்டு வாங்கிச் செய்ய வேண்டும்.

உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கு உண்மையிலேயே கவலை உண்டு. டூகே ஹார்ட்னரிலும் ஈரத்தில் இறுகும் யூரித்தேனிலும் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒரு தடவை உடம்பு அதற்கு ஒவ்வாமல் போய்விட்டால், அப்புறம் கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்பிரே அடிக்கும் பையன்களை நம் ஊர் ஷெட்களில் தினமும் பார்க்கலாம். துண்டு தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரி அடைத்த கார்ட்ரிட்ஜ் போட்ட முகமூடி வாங்கிக் கொடுங்கள், கார்ட்ரிட்ஜை அவ்வப்போது மாற்றுங்கள். கூலிக்கு ஆள் வைத்தாலும் முகமூடி நம் செலவில் இருக்கட்டும். கையில் பட்ட யூரித்தேன் காய்ந்துவிட்டால் எதற்கும் போகாது, தோல் உரிந்தால்தான் போகும், அதனால் கையுறையும் வேண்டும். டப்பா வாயில் ஒட்டியதைத் துடைத்து, பிளாஸ்டிக் தாள் வைத்து மூடுங்கள். இல்லாவிட்டால் மூடி ஒட்டிக்கொண்டு திறக்காது.

பெயின்ட் படக் கூடாத இடங்கள்: பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ், கிரீஸ் நிப்பிள், சைலன்சர். கதவின் அடியிலும் சேசிஸிலும் இருக்கும் வடிகால் ஓட்டைகளைப் பூச்சு அடைத்துவிட்டதா என்று ஒரு கம்பி விட்டுப் பாருங்கள். ஓட்டை அடைந்தால் உள்ளே தண்ணீர் தேங்கி, வெளியே எவ்வளவு நன்றாக அடித்திருந்தாலும் உள்ளிருந்து அரிக்கும்.

வேலை முடிந்து சில வாரம் கழித்து மறைவான ஓரத்தில் ஒரு சோதனை செய்யலாம். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கீறி, மேலே செல்லோடேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று பிடுங்க வேண்டும். கட்டங்கள் டேப்போடு வந்தால் அந்தப் பகுதி தாங்காது, இப்போதே தேய்த்துத் திரும்ப அடிப்பது நல்லது. எங்கள் ஜீப்பின் மட்கார்டில் இப்படிச் செய்தபோது டேப் சுத்தமாக வந்தது. கீறிய இடத்தைத் துளி பெயின்ட் வைத்து மூடிவிட்டேன்.

அப்புறம், கல் தெறித்து மேல் கோட் போன இடத்தை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. கறுப்பு தெரிந்தால் மேல் கோட் மட்டும்தான் போயிருக்கிறது: சுற்றிலும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு 400-ஆம் நம்பர் தாளில் தேய்த்து, துடைத்து, கலரைச் சின்ன பிரஷ்ஷால் வைத்தால் போதும். இரும்பு தெரிந்தால், குடிதண்ணீரில் கழுவுவதிலிருந்து எல்லாவற்றையும் அந்தக் காசு அளவு இடத்துக்கும் வரிசையாகச் செய்ய வேண்டும். எனாமல் டப்பாவில் மிச்சம் இருக்கும் கலரைச் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் வழிய வழிய ஊற்றி மூடி வைத்தால் தோல் கட்டாமல் அடுத்த வருஷமும் பயன்படும். டூகே கலரென்றால் ஹார்ட்னர் கலக்காததை மட்டும் எடுத்து வையுங்கள், கலந்தது அன்றைக்கே கல்லாகிவிடும்.